முதல் வேட்டை வில்: வேகத்தைத் துரத்தாதீர்கள், உங்கள் உடம்புக்கு அளவெடுங்கள்

கேள்வி: “அண்ணா, நான் பெங்களூரு அல்சூரில் வளர்ந்தவன். மென்பொருள் வேலை. வரும் கோடையில் மூன்று ஆண்டுகளுக்கு விஸ்கான்சின் மாநிலத்துக்கு மாற்றலாகிப் போகிறேன். அங்குள்ள சக ஊழியர்கள் ஆண்டுதோறும் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். 70 பவுண்டு இழுவிசை, நொடிக்கு 340 அடி வேகம் என்று விளம்பரப்படுத்தும் காம்பவுண்டு வில் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். இங்கேயே வாங்கிப் பழகி, அதையே எடுத்துப் போகலாமா? என் உயரம் 5 அடி 7 அங்குலம். ஓசூர் பக்கம் மாமாவின் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை இருக்கிறது. அங்கே ஒத்திகை பார்க்கலாம் என்றும் ஒரு யோசனை.”

மாமாவின் தோட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே வில்லை எடுத்துப் போகாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 9ஆம் பிரிவில் வேட்டையைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் வேட்டை என்பது கொல்வது மட்டுமன்று. காயப்படுத்துவது, பிடிப்பது, கண்ணி வைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். அம்பு குறி தவறிவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் சிறை குறைந்தபட்சமே மூன்றாண்டு. பயன்படுத்திய ஆயுதமும் வண்டியும் அரசுடைமையாகிவிடும். பயிரை அழிக்கும் விலங்கு விஷயத்தில் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்த அனுமதி தலைமை வனவிலங்குக் காப்பாளரிடமிருந்தோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரிடமிருந்தோ எழுத்தில் வர வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரர் சரி என்று சொன்னால் போதாது. மாமா வனச்சரக அலுவலகத்தில் பயிர்ச் சேதத்துக்கு மனு கொடுக்கட்டும்.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. பழகாத கை எய்த அம்பை உடம்பில் சுமந்துகொண்டு புதருக்குள் இரண்டு நாள் கிடந்து சாகும் விலங்கின் வேதனைக்கு எந்த ஒத்திகையும் ஈடாகாது. நான் சில ஆண்டுகள் விஸ்கான்சினில் வேலை பார்த்தபோது வில் வேட்டையைப் பழகியவன். இப்போது பெங்களூருவில் விடுமுறை நாட்களில் காம்பவுண்டு வில் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: எய்கிறவரின் தசைக்கும் எலும்புக்கும் பொருந்தாத வில்லால் விலங்கை ஒரே அம்பில், வலி நீளாமல் வீழ்த்த முடியாது. வில்லைத் தேர்ந்தெடுப்பதன் முழு நோக்கமும் அந்த ஒரே அம்புதான்.

விஸ்கான்சினில் நீங்கள் செய்யப்போவது முறையான, உரிமம் பெற்ற வேட்டை. 1973 ஜனவரி 1ஆம் தேதியோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் அங்கே வேட்டை உரிமம் வாங்குவதற்கு முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். போன கையோடு அதில் சேர்ந்துவிடுங்கள். வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை நீளும். இடையில், நவம்பர் கடைசியில், துப்பாக்கி வேட்டைக்கான நாட்கள் வரும். அப்போது வில்லோடு போகிறவர்களும் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு மேலுடை அணிந்தே ஆக வேண்டும். தற்காலிக விசாவில் போகும் நம்மவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அத்தகைய விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைச் சில விதிவிலக்குகளோடு தடுக்கிறது. வில் அந்தச் சட்டத்தில் துப்பாக்கிக் கணக்கில் வராது. அங்கே நம்மவர்கள் சிலர் வேட்டை என்றதும் வில்லின் பக்கம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, அந்த 340 அடி. அந்த எண் பொய்யன்று. ஆனால் அது உங்களுடைய எண்ணும் அன்று. வில் நிறுவனங்கள் வேகத்தை அளக்கும்போது பெரும்பாலும் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: நாணை 30 அங்குலம் இழுப்பது, இழுவிசை 70 பவுண்டு, அம்பின் எடை 350 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 23 கிராம். 30 அங்குலம் இழுக்க ஆறேகால் அடி உயரமான உடம்பு வேண்டும். உங்கள் உயரத்துக்கு 27 அங்குலத்தை ஒட்டித்தான் வரும். ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்குப் பத்து அடி வேகம் குறையும் என்பது வில்காரர்களின் கைக்கணக்கு. மூன்று அங்குலத்துக்கு முப்பது போயிற்று. 70க்குப் பதில் 60 பவுண்டில் வைத்தால் இன்னும் இருபது போகும். வேட்டைக்கு 350 கிரெய்ன் அம்பு இலேசு. 420 கிரெய்ன் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிரெய்னுக்கு ஓர் அடி என்று அதில் இருபத்து மூன்று போகும். நாணில் பொருத்தும் சின்னச் சின்னச் சாமான்களுக்கு இன்னும் சில அடி. கடைசியில் உங்கள் கையில் நிற்பது 260 அடி.

260 அடி போதுமா என்றால், தாராளமாகப் போதும். அம்பின் எடையை கிரெய்னில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240ஆல் வகுத்தால் அதன் ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். 420 கிரெய்ன் அம்பு 260 அடி வேகத்தில் போனால் 63 அடி-பவுண்டு. அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணையில் மானுக்கு 25 முதல் 41 வரையும், எல்க் போன்ற பெரிய விலங்குக்கு 42 முதல் 65 வரையும் போட்டிருக்கிறது. 50 பவுண்டு வில்லில் வேகம் 235 அடிக்கு இறங்கினாலும் 51 அடி-பவுண்டு இருக்கும். வெள்ளைவால் மானுக்கு அதுவே அதிகம். விஸ்கான்சின் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இழுவிசை 30 பவுண்டுதான்.

வேகம் இருந்தால் மான் விலகுவதற்குள் அம்பு போய்ச் சேர்ந்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கஜம் என்பது 60 அடி. நாண் அதிரும் ஓசை நொடிக்கு ஏறக்குறைய 1,100 அடி வேகத்தில் பாய்ந்து, ஏறக்குறைய ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கில் மானின் காதை எட்டிவிடும். 260 அடி வேக அம்புக்கு 0.23 நொடி ஆகும். 340 அடி வேக அம்புக்கு 0.18 நொடி. எந்த வில்லாலும் ஓசையை முந்த முடியாது. ஓசை கேட்ட மான் பாய்ந்தோடுவதற்காகக் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். முதுகுக்கு மேலாக அம்பு போவது அதனால்தான். இதற்கு மருந்து வேகமன்று; ஓசை குறைந்த வில், சற்றே கனமான அம்பு, 20 கஜத்துக்குள் வரும்வரை பொறுத்திருக்கும் மனம். கனமான அம்பு வில்லின் விசையை அதிகமாக வாங்கிக்கொள்ளும். மிச்ச விசைதான் அதிர்வாகவும் ஓசையாகவும் வெளியே வருகிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து உடும்பில் போய்த் தைத்தது என்று பள்ளியில் படித்தவர்கள் நாம். விசையின் மீது நமக்கு ஒரு மயக்கம் இருப்பது இயல்பு. ஆனால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். அந்த வட்டத்துக்குள் அம்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை.

இழுநீளத்துக்கு வருவோம். கடைகளில் டிரா லெங்த் என்பார்கள். வில் வாங்குவதில் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இது. பழைய வளை வில்லில் நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவுதான் நீளம். காம்பவுண்டு வில்லில் அப்படியன்று. இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள், அவற்றை கேம் என்பார்கள், ஓர் இடத்தில் சுழற்சி முடிந்து நின்றுவிடும். சுவரில் முட்டியது போல நாண் அதற்குமேல் வராது. அந்தச் சுவர் உங்கள் உடம்புக்குச் சரியான இடத்தில் இருக்க வேண்டும். முதல் கணக்குக்கு, சுவரில் சாய்ந்து இரு கைகளையும் இயல்பாக விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். விரிப்பு 67 அங்குலம் என்றால் 26.8 வரும். அதை 26.5க்கும் 27க்கும் இடையில் வைத்து, வில்லை இழுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இழுத்து நிறுத்தியபின் பாருங்கள். வில் பிடித்த கை நீண்டிருக்க வேண்டும். ஆனால் முழங்கை பூட்டிக்கொள்ளக் கூடாது. நாண் மூக்கு நுனியை இலேசாகத் தொட வேண்டும். இழுக்கும் கையின் முழங்கை அம்பின் நேர்க்கோட்டில் பின்னால் நிற்க வேண்டும். முதுகு பின்பக்கம் சாய்ந்தால், தலையை நாணை நோக்கி நீட்ட வேண்டியிருந்தால், நாண் முன்கையில் அடித்துத் தடிக்க வைத்தால், நீளம் அதிகம். கடைகளில் பெரும்பாலும் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ நீளமாகவே வைத்துத் தருவார்கள். நீளம் கூடினால் வேகம் கூடும், வாங்குகிறவருக்கு அது பிடிக்கும். அரை அங்குலம் குறைவாக வைத்து எய்கிறவருடைய அம்புகள், அரை அங்குலம் கூட வைத்து எய்கிறவருடையதைவிட நெருக்கமாக விழுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தயங்கினால் குறைந்த பக்கம் போங்கள். குளிர்காலத் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு எய்யும்போது இது இன்னும் பொருந்தும்.

இழுவிசைக்கு ஒரு சோதனை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து இரு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். வில்லைக் குறிக்கு நேராக நீட்டி, வானத்தைப் பார்த்துத் தூக்காமல், தோளைக் குலுக்காமல், மெதுவாக நேராகப் பின்னுக்கு இழுங்கள். முடிந்தால் அந்த இழுவிசை உங்களுடையது. முடியாவிட்டால் ஐந்து பவுண்டு குறையுங்கள். மரத்தின் மேல் விறைத்த தோளோடு இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தபின், பதினைந்து கஜத்தில் மான் நிற்கும்போது, வில்லை ஆகாயத்துக்குத் தூக்கி இழுத்தால் அந்த அசைவையே மான் பார்த்துவிடும். முழுதும் இழுத்தபின் வில் அந்த இழுவிசையைக் குறைத்துத் தரும், அதற்கு லெட் ஆஃப் என்று பெயர். 60 பவுண்டு வில்லில் அது 80 சதவீதம் என்றால் நிறுத்திப் பிடிக்கும்போது கையில் 12 பவுண்டுதான். ஆனால் அந்த இடத்தை அடைய, நடுவில் முழு 60ஐயும் தாண்டியாக வேண்டும். உலக வில்வித்தைப் போட்டிகளில் காம்பவுண்டுக்கு உச்ச வரம்பே 60 பவுண்டு. 2023 உலகப் போட்டியில் தனிநபர் தங்கம் வென்ற நம் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தளேயும் 50 மீட்டரில் குறிபார்த்து எய்தது அந்த வரம்புக்குள்தான். 20 கஜத்தில் மான் எய்ய உங்களுக்கு எதற்கு 70? நாற்பத்தைந்தில் தொடங்கி, தோள் பழகப் பழக 50, 55 என்று ஏற்றுங்கள். அதற்குமேல் ஏற்றாவிட்டாலும் ஒரு குறையுமில்லை.

வாங்குமுன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களால் சிறு முக்கோணம் அமைத்து, அதன் வழியே தூரத்தில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது பொருள் முக்கோணத்துக்குள்ளேயே நின்றால், திறந்திருக்கும் கண்தான் உங்கள் ஆளும் கண். வலக்கைக்காரர்கள் சிலருக்கு இடக்கண் ஆளும். வலக்கை வில்லை இடக்கை வில்லாக மாற்ற முடியாது என்பதால் பணம் கொடுக்குமுன் இதைத் தீர்மானிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் கண்ணின் பக்கத்துக்கே வில்லை வாங்குவது நல்லது என்பது என் கருத்து. சில வாரங்களில் கை பழகிவிடும்.

வில்லின் உடம்பைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். சக்கரங்களின் அச்சிலிருந்து அச்சு வரையான நீளம் 30 முதல் 33 அங்குலத்துக்குள் இருந்தால் மரக்கிளைகளுக்கிடையே சமாளிக்கலாம், கையிலும் நிதானமாக நிற்கும். கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையிலான தூரம் 6.5 அங்குலத்திலிருந்து 7க்குள் இருக்கட்டும். அது குறைந்தால் வேகம் கூடும்; ஆனால் நாணோடு அம்பு ஒட்டியிருக்கும் நேரமும் கூடும், கையின் சிறு நடுக்கமும் அம்பில் ஏறும்.

உங்களுக்குத் தேவை, இழுநீளத்தையும் இழுவிசையையும் பெரிய வரம்புக்குள் மாற்றிக்கொள்ளக்கூடிய வில். விலை உயர்ந்த வில்கள் பலவற்றில் இழுவிசையைப் பத்துப் பவுண்டு வரம்புக்குள்தான் மாற்ற முடியும், 50 முதல் 60, 60 முதல் 70 என்று. அவை அளவு தெரிந்தவர்களுக்கு. முதல் வில்லுக்கு பியர் நிறுவனத்தின் குரூசர் ஜி2, டயமண்டின் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ போன்றவை பொருத்தம். முதலாவது 12 முதல் 30 அங்குலம் வரையும், இரண்டாவது 13 முதல் 31 அங்குலம் வரையும் மாறும்; இரண்டிலும் இழுவிசையை 5 பவுண்டிலிருந்து 70 வரை ஏற்றலாம். விளம்பர வேகம் 315, 310 அடி. முன்போலவே கழித்து, 50 பவுண்டில் உங்கள் கையில் 210 அடியை ஒட்டி நின்றாலும் 41 அடி-பவுண்டு இருக்கும், ஆக மானுக்கு இவற்றில் எதுவும் குறையில்லை. குறிபார்க்கும் சாதனம், அம்பு தாங்கி, அம்பறாத்தூணி எல்லாம் சேர்த்து அமெரிக்கக் கடைகளில் இந்த வகை வில்கள் 400 முதல் 600 டாலருக்குள் கிடைக்கும். உயர்ந்த வகை வில்லின் வெறும் உடம்புக்கே 1,200 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை அம்புக்கும் பயிற்சிக்கும் செலவிடுங்கள்.

ஆகவே பெங்களூருவில் வேட்டை வில் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை போட்டிக்கான, நீளம் கூடிய வில்கள். தூரத்திலிருந்து வரவழைத்தால் அளவு சரியில்லாதபோது மாற்றித் தர ஆளிருக்காது. காம்பவுண்டு வில்லின் நாணை மாற்றவும் கேமைச் சீர்செய்யவும் வில்லை அழுத்திப் பிடிக்கும் எந்திரம் வேண்டும். வீட்டில் கையால் செய்ய முயன்றால் வில்லும் போகும், விரலும் போகும். விஸ்கான்சினில் சிறு ஊரிலும் வில் கடை இருக்கும், அந்த எந்திரமும் இருக்கும். வாங்கும் கடையிலேயே அளந்து, எய்து பார்த்து, சீர்செய்து தருவார்கள். இந்த வில்லே அந்தப் பக்கத்தில் மான் வேட்டைக்காகப் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மிசௌரி மாநிலத்தின் ஹோலஸ் வில்பர் ஆலன் பழைய வில்லின் முனைகளை அறுத்துவிட்டுக் கப்பிகளைப் பொருத்திப் பார்த்தார். 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்றார். அதனால் அந்த நாட்டுக் கடைகளில் இது குறித்த கைப்பழக்கம் ஆழமாக இருக்கிறது.

இங்கே செய்ய வேண்டியது பழகுவது. நகரில் வில்வித்தைப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. மையத்தின் வில்லிலேயே குறைந்த இழுவிசையில் தொடங்குங்கள். நிற்கும் முறை, பிடி, தாடையில் கை வந்து நிற்கும் அதே இடம், எந்த நொடியில் நாண் விடுபடும் என்று நாமே எதிர்பாராதபடி மெதுவாக விடுவிப்பது, இவை நான்கும் போட்டி வில்லிலும் வேட்டை வில்லிலும் ஒன்றே. அல்சூரில் மாடிவீட்டு மொட்டை மாடியில் எய்து பழகலாம் என்று நினைத்திருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள். காம்பவுண்டு வில்லின் அம்பு குறி தப்பினால் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர் அதற்குள்தான் இருக்கிறார். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடுவதும் கூடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லின் கைகளில், அதாவது வளையும் இரு பக்கங்களில், திரும்பி அவற்றைப் பிளந்துவிடும். நண்பர்கள் “ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன்” என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

பழைய வில் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்கலாம், ஒரு வில் கடையில் காட்டியபின். வில்லின் கைகளில் பஞ்சை வைத்து மெதுவாகத் தடவுங்கள். எங்கேயாவது நார் சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. கேமின் விளிம்பு வளைந்திருக்கக் கூடாது. நாண் நூல் பிசிறியிருந்தால் அதை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்பு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். நாண் தள்ளும்போது அம்பு வளைந்து நிமிர்ந்துதான் பறக்கிறது. அந்த வளைவு வில்லின் விசைக்குப் பொருந்த வேண்டும். இதற்கு ஸ்பைன் என்று ஓர் எண் உண்டு: 28 அங்குல இடைவெளியில் தாங்கிய அம்பின் நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அது எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் தொய்கிறது என்பதுதான் அது. எண் குறைந்தால் அம்பு விறைப்பு. உங்கள் நீளத்துக்கும் 50, 55 பவுண்டுக்கும் 400 அல்லது 500 எண் அருகில் வரும். அம்பு நிறுவனத்தின் அட்டவணையில் அம்பு நீளத்தையும் முனை எடையையும் சேர்த்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மொத்த எடை இழுவிசையின் ஒரு பவுண்டுக்கு ஐந்து கிரெய்னுக்குக் கீழே போனால் வில்லுக்கே ஆபத்து. வேட்டைக்கு ஏழு, எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் அம்பை ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் காதருகே வைத்து இலேசாக வளைத்துப் பாருங்கள். கிறீச்சென்ற ஒலி கேட்டால் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு நாணிலேயே சிதறி வில் பிடித்த கைக்குள் பாயும்.

அம்பு முனை விஷயத்தில், 50 பவுண்டுக்காரர்களுக்கு அசையாத அலகு (வெட்டும் தகடு) கொண்ட முனைதான் என் பரிந்துரை. உடம்பில் பட்டதும் விரியும் முனைகள் விரிவதற்கே ஆற்றலைச் செலவழிக்கின்றன. விஸ்கான்சினில் அலகின் அகலம் குறைந்தது எட்டில் ஏழு அங்குலம் இருக்க வேண்டும். பயிற்சி முனை 100 கிரெய்ன் என்றால் வேட்டை முனையும் 100 கிரெய்ன் இருக்கட்டும். பருவம் தொடங்குமுன் வேட்டை முனையோடும் எய்து பாருங்கள், ஏனென்றால் அகன்ற அலகு காற்றில் வேறு விதமாகப் பறக்கும். அலகுகளைச் சவரக் கத்தி போலக் கூராக வைத்திருங்கள். அம்பு தோட்டா மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை. அறுத்து இரத்தம் வடிய வைத்துக் கொல்கிறது. மழுங்கிய அலகோடு காட்டுக்குப் போவது விலங்குக்குச் செய்யும் கொடுமை.

துணைச் சாமான்களில் விடுவிப்பானுக்கு மட்டும் நல்ல காசு கொடுங்கள். மணிக்கட்டில் பட்டையாகக் கட்டி, விரலால் விசையைத் தொட்டு நாணை விடுவிக்கும் வகை தொடக்கத்துக்குப் போதும். அம்பு தாங்கியில், அம்பைச் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும் தூரிகை வகை அம்பைக் கீழே விழ விடாது. முதல் ஆண்டுக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். குறிபார்க்கும் ஊசிகள் ஐந்தெல்லாம் எதற்கு? 20 கஜத்துக்கு ஒன்று, 30க்கு ஒன்று.

எவ்வளவு தூரத்திலிருந்து எய்யலாம் என்பதை உங்கள் முதல் அம்பு சொல்லும். பயிற்சியில் கை சூடேறியபின் எய்யும் பத்தாவது அம்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். காலையில் வில்லை எடுத்ததும் எய்யும் ஒற்றை அம்பு, எட்டு அங்குலக் காகிதத் தட்டில், நாள் தவறாமல் விழும் தூரம் எதுவோ அதுவே உங்கள் எல்லை. பலருக்கு அது 20 கஜம். விலங்கு பக்கவாட்டில் நின்றாலோ சற்றே விலகிப் பார்த்து நின்றாலோ மட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே குறிவையுங்கள். நேருக்கு நேர் நிற்கும் மானின் மேல் எய்யாதீர்கள். எய்தபின் ஓடிப் போகாமல் அரைமணி நேரமாவது உட்கார்ந்திருந்து, அம்பையும் இரத்தத்தையும் பார்த்துத் தடம் பிடியுங்கள். மரத்தின் மேல் ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு முழுதும் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை கட்டியிருக்க வேண்டும். அங்கே வேட்டைக்காரர்கள் அடிபடுவதில் பெரும்பங்கு மரத்திலிருந்து விழுவதால்தான்.

கிளம்புவதற்கு முன் மூன்று நான்கு மாதம் இருக்கிறது என்றால் இப்போதே ஒரு பயிற்சி மையத்தில் சேருங்கள். கை விரிப்பு, ஆளும் கண், நாற்காலியில் தாண்டிய இழுவிசை, மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு போனால் அங்குள்ள கடைக்காரர் உங்களுக்கு எதையும் தலையில் கட்ட முடியாது. பழகும்போது வாங்கிய விடுவிப்பானையும் அம்புகளையும் எடுத்துப் போவதென்றால் அம்புகளை விமானத்தில் சரக்கில் போடும் பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் அனுமதி கிடையாது. அங்கே வில் பார்க்கக் கடைக்குப் போகும் நாளில் நவம்பரில் நீங்கள் போடப்போகும் தடித்த கோட்டைக் கொண்டு போங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை இழுத்துப் பார்த்து, இரண்டிலும் நாண் தடையில்லாமல் வரும் நீளத்தைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.